எலும்புக்கூட்டுக்குக் கனம் கொடுப்பது: 24 செ.மீ. பொம்மை, 10 விநாடி ஷாட்

சாம் ரைமியின் ‘ஆர்மி ஆஃப் டார்க்னஸ்’ (1992) படத்தில் கடைச் சிப்பந்தி ஆஷ், வலது கை இருந்த இடத்தில் செயின்சாவோடு கி.பி. 1300-இல் போய் விழுகிறான். மந்திரப் புத்தகத்தை எடுக்கும் முன் சொல்ல வேண்டிய மூன்று சொற்களில் கடைசியை மறந்து இருமி மழுப்ப, மயானம் விழித்துக்கொள்கிறது. மண்ணுக்குள்ளிருந்து எலும்புக் கைகள் நீண்டு அவன் மூக்கைத் திருகி, கண்ணைக் குத்தி, கன்னத்தில் அறைகின்றன. பயமும் சிரிப்பும் ஒரே ஃபிரேமில் இருக்கும் காட்சி அது. பிறகு வரும் கோட்டை முற்றுகையில் பெரிய பொம்மைகள், உடையணிந்த ஆட்கள், ஸ்டாப் மோஷன் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுப்பது) மூன்றும் கலந்திருக்கின்றன. அந்த ஸ்டாப் மோஷன் பகுதிக்குத் தாய்வீடு ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹௌசன். ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ (1963) படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதர்களோடு வாள்வீசும் சண்டையை அசைத்து முடிக்க அவருக்கு நான்கு மாதங்களுக்கு மேல் ஆனது.

அந்த வகை எலும்புக்கூடு ஒன்றை வீட்டு மேசையில் செய்து, 10 விநாடி அசைத்த பதிவு இது. மூன்று ஷாட்டுகள்: மண்ணிலிருந்து கை வருவது 72 ஃபிரேம், எழுந்து இரண்டு காலடி நடப்பது 72, வாளை ஓங்கிக் கத்தப் போகும்போது தாடை கழன்று விழுவது 96. விநாடிக்கு 24 வீதம் மொத்தம் 240 ஃபிரேம்.

எலும்புக்கூடு எளிய பொம்மை என்று பலர் நினைக்கிறார்கள். சதை இல்லை, தோல் இல்லை, முகபாவம் இல்லை. உண்மையில் ஸ்டாப் மோஷனில் அதுதான் மிகக் கடினம். சதையுள்ள பொம்மையில் மூட்டுக் கம்பியை நுரையும் துணியும் மறைக்கும். வயிறும் தொடையும் இருப்பதாலேயே அது கனமாகத் தெரியும். எலும்புக்கூட்டில் இரண்டுமே இல்லை. மூட்டு வெளியே தெரியும். பார்ப்பவருக்கு அது காற்றில் ஆடும் குச்சியாகத் தெரியும். கனத்தை அசைவின் கணக்கில்தான் கொண்டுவர வேண்டும். கீழே வரும் வேலை முழுவதும் அதற்காகத்தான்.

அளவு

168 செ.மீ. ஆளை ஏழில் ஒன்றாகக் குறைத்தால் 24 செ.மீ. இந்த 7 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கேமரா உயரத்திலிருந்து தாடை விழும் வேகம் வரை எல்லாவற்றுக்கும் இதுதான் வகுக்கும் எண்.

தொடையெலும்பு 6.3 செ.மீ., முழங்காலுக்குக் கீழே 5.2, கணுக்காலிலிருந்து தரை 1, இடுப்பு மூட்டிலிருந்து தோள் 7, கழுத்து 1.3, மண்டையோடு 3.2. கூட்டினால் 24 வரும். மேல்கை 4.5, முன்கை 3.5, உள்ளங்கையும் விரலும் சேர்ந்து 2.6, பாதம் 3.6. மண்டையோட்டை மட்டும் 3.5 செ.மீ. ஆக்கினால் நடிப்பு தூரத்திலிருந்தும் தெரியும். அதற்கு மேல் போனால் குழந்தை போல ஆகிவிடும், பயம் போய்விடும்.

முழு அளவில் ஒரு வரைபடத்தைத் தாளில் போட்டு, அதன் மேலேயே கம்பியை வைத்து வெட்டுங்கள். இடது வலது நீளம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் நடக்கும்போது இடுப்பு கோணுகிறது.

கம்பி

மிருதுவான அலுமினியக் கம்பி. கால், முதுகுக்கு 1.5 மி.மீ. இரண்டு இழை, கை, கழுத்துக்கு 1 மி.மீ. மூன்று இழை, விரலுக்கு 1 மி.மீ. ஒற்றை இழை. இழைகளின் ஒரு முனையைக் குறட்டில் பிடித்து, மறுமுனையை ட்ரில்லின் வாயில் மாட்டி, மெதுவான வேகத்தில் முறுக்க வேண்டும். ஒரு செ.மீ.க்கு ஒன்றரை முறுக்கு போதும். இறுக்கமாக முறுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முறுக்கும்போதே உலோகம் கெட்டிப்பட்டுவிடும். வளைக்க வளைக்க அலுமினியம் மேலும் கெட்டியாகி முறியும். முறுக்கிலேயே பாதி ஆயுளைத் தீர்த்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

முதல் பொம்மை முறிந்தது கணுக்காலில். முறிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது குறட்டின் பல் பதிந்த தடம் இருந்தது. அந்தச் சின்ன வெட்டிலிருந்துதான் விரிசல் தொடங்கியிருக்கிறது. அதன்பின் குறட்டின் வாயில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டியே கம்பியைத் தொட்டோம். செம்புக் கம்பி சுலபமாகக் கிடைக்கும், ஆனால் வேண்டாம். அது இன்னும் சீக்கிரம் கெட்டிப்படும், மேலே பூசும் ரப்பர் பாலையும் (லேடெக்ஸ்) நாளடைவில் அரித்துப் பிசுபிசுக்க வைக்கும்.

என்ன செய்தாலும் கம்பி ஒருநாள் முறியத்தான் போகிறது. எனவே கால்களைக் கழற்றி மாட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்று சரியாக நுழையும் இரண்டு சதுரப் பித்தளைக் குழாய்கள் தேவை. வெளி அகலம் சுமார் 4.8 மி.மீ.யும் 4 மி.மீ.யும். பெரியதில் 8 மி.மீ. துண்டு இடுப்பு எலும்புக்குள் புதையும். சின்னது காலின் மேல்முனையில் எபாக்ஸியால் ஒட்டப்படும். பக்கவாட்டில் துளையிட்டு, மரை வெட்டி, ஒரு எம்2 (2 மி.மீ.) திருகு. உருண்டைக் குழாய் இங்கே உதவாது. திருகை எவ்வளவு முடுக்கினாலும் கால் மெல்லச் சுழன்றுவிடும்.

எலும்பும் மூட்டும்

எலும்புக்கு எபாக்ஸி புட்டி. குழாய் ஒழுகலை அடைக்க ஹார்ட்வேர் கடையில் விற்கும் இரண்டு பொட்டல எம்-சீல் வகையே போதுமானது. மொத்தப் பொம்மைக்கும் 60 கிராம் ஆனது. கையுறை போட்டுப் பிசையுங்கள், எபாக்ஸி தோலுக்கு ஒவ்வாது. வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகும் என்பதால் ஒரு நேரத்தில் ஓர் எலும்புக்கு மட்டும் கலந்துகொள்வது நல்லது. கம்பியின் மேல் ஒரு மி.மீ. கனத்தில் உருட்டி, ஈர விரலால் நீவி, இரு முனையையும் கொஞ்சம் உப்பவிட வேண்டும். நடுவில் 5 மி.மீ., முனையில் 8. மறுநாள் 220 நம்பர் உப்புத்தாள், முகமூடியோடு.

மூட்டில்தான் வேலை. முழங்காலில் 7 மி.மீ., முழங்கையில் 6, கணுக்காலில் 5 கம்பியைப் புட்டி படாமல் விட வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் மடிப்பு முழுவதும் ஒரே புள்ளியில் விழுந்து கம்பி சீக்கிரம் முறியும். அதிகமானால் கால் எலும்பு மாதிரி மடங்காது, குழாய் மாதிரி வளையும். அதைப் பார்த்ததும் கண் நம்ப மறுக்கிறது.

அந்த 7 மி.மீ. பளபளக்கும் கம்பியை எப்படி மறைப்பது? முதலில் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றினோம். நன்றாக வளைந்தது. ஆனால் அதில் எந்தப் பெயின்டும் ஒட்டாது. இரண்டாவது மடிப்பிலேயே உரிந்து வந்தது. பிறகு கைகொடுத்தது பருத்தி நூலும் ரப்பர் பாலும். பழைய பருத்திப் புடவைக் கரையிலிருந்து நூலை உருவி, திரவ லேடெக்ஸில் நனைத்து, மூட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஆறேழு சுற்று. காய்ந்ததும் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. வற்றிய நரம்பு எலும்பில் ஒட்டிக் கிடப்பது போலவே இருக்கிறது. மறைப்பதற்காகச் சுற்றிய நூல்தான் இந்தப் பொம்மையிலேயே அருவருப்பான, அதனால் மிக அழகான பகுதி. ஹாரிஹௌசனும் தன் எலும்புக்கூடுகளின் உலோக மூட்டுகளைப் பஞ்சும் லேடெக்ஸும் கொண்டே மூடினார். முழங்கால் சில்லை மட்டும் தனியாகப் புட்டியில் செய்து, தொடையெலும்பின் பக்கம் மட்டும் ஒட்டுங்கள். இரு பக்கமும் ஒட்டினால் மடங்காது.

விலா, சோப்பில்

விலாக்கூட்டில்தான் பலரும் கைவிடுகிறார்கள். 4 செ.மீ. அகலம், 2.8 ஆழம், 4.3 உயரம். ஒவ்வொரு விலாவையும் கையால் வளைத்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உள்ளே ஓர் அச்சு வேண்டும். வேலை முடிந்ததும் அது வெளியேறவும் வேண்டும்.

குளிக்கும் சோப்புக் கட்டி ஒன்றை முட்டை வடிவில் செதுக்கினோம். கூரான முனை மேலே. அதன் மேல் ஊசியால் விலாவின் கோடுகளைக் கீறி, கோட்டில் 1 மி.மீ. கம்பியை அழுத்தி வைக்க வேண்டும். விலாவின் பின்முனையைவிட முன்முனை தாழ்ந்திருக்கும். இதை மறந்து கிடையாக வைத்தால் பீப்பாய் வளையம் போலாகிவிடும். மனிதனுக்கு 12 ஜோடி. மேல் ஏழு நேராக மார்பெலும்பைத் தொடும், அடுத்த மூன்று மேலே உள்ளதன் குருத்தெலும்பில் போய்ச் சேரும், கடைசி இரண்டு முன்னால் எதையும் தொடாமல் நிற்கும். இந்த அளவில் பத்து ஜோடி வைத்தாலே நிறைவாகத் தெரிகிறது. ஆனால் கடைசி ஜோடியைத் தொங்கவிட மறக்காதீர்கள், அதுதான் உண்மையின் முத்திரை.

முதுகிலும் மார்பிலும் புட்டி வைத்துக் கம்பி முனைகளைப் புதைத்து, ஒருநாள் விட்டு, சோப்பைக் கத்தியால் துண்டு துண்டாகக் குத்தி எடுத்து, மிச்சத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்துவிடலாம். சோப்பில் புட்டி ஒட்டாது. பிறகு விலாக்கள் மேல் டிஷ்யூ தாளை லேடெக்ஸில் தோய்த்து ஒரு சுற்று. சோப்புப் பிசுக்கு மிச்சமிருந்தால் இது உரியும், ஆகவே பழைய பல்துலக்கியால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். விலாக்கூடு அசைய வேண்டியதில்லை. கீழ் முதுகில் ஐந்து மணிகள் கோத்த 2.5 செ.மீ. முறுக்குக் கம்பியும் கழுத்தும் வளைந்தால் போதும்.

மண்டையோடும் தாடையும்

முழு மண்டையோட்டையும் புட்டியால் உருட்டினால் 35 கிராமைத் தாண்டும். அந்தப் பாரத்தைக் கழுத்துக் கம்பி தாங்காது, ஒவ்வொரு ஃபிரேமிலும் தலை ஒரு மயிரிழை தொங்கும். சமையலறை அலுமினியத் தாளை இறுக்கக் கசக்கி உள்ளுருண்டை செய்து, மேலே 2 மி.மீ. புட்டி மட்டும் போர்த்துங்கள்.

கண்குழிதான் இதன் முகம். கருவிழி இல்லாததால் தலை திரும்பும் திசைதான் பார்வை. புருவமேட்டின் வெளிமுனையை அரை மி.மீ. தாழ்த்தினால் சோகம், உள்முனையைத் தாழ்த்தினால் கோபம். நகைச்சுவைக்கு இரண்டும் வேண்டாம், நேராக விடுங்கள். கோபமாகச் செதுக்கிய மண்டையோட்டால் திகைப்பைக் காட்ட முடியாது. குழியை ஆழமாகத் தோண்டி, உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு. குழியின் அடியில் ஒரு ஊசித் துளை இட்டால், அதில் ஊசியை நுழைத்துத் தலையைத் திருப்பலாம். விரல் படாது, பெயின்ட் தேயாது.

தாடை தனித்துண்டு. 3 மி.மீ. குறுக்களவு, 1 மி.மீ. கனம் கொண்ட நியோடிமியம் காந்தம் நான்கு; மண்டையில் இரண்டு, தாடையில் இரண்டு. ஒட்டும் முன் எந்தப் பக்கம் எதை ஈர்க்கிறது என்று மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திருப்பி ஒட்டிவிட்டால் தாடை ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விலகி நிற்கும்; அதைக் குடைந்து எடுப்பதற்குள் கன்ன எலும்பு போய்விடும்.

பெயின்டைப் பற்றிச் சுருக்கமாக. தூய வெள்ளை கூடாது, விளக்கில் வெளிறி விவரம் அழிந்துவிடும். வெள்ளையில் மஞ்சள் காவியும் சிட்டிகை பழுப்பும் கலந்து அடித்து, நீர்த்த கரும்பழுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேடுகளைத் துணியால் துடைக்க வேண்டும். மூட்டு லேடெக்ஸ் மேல் வெறும் அக்ரிலிக் அடித்தால் வெடிக்கும். அந்த இடத்துக்கு அக்ரிலிக்கை லேடெக்ஸிலேயே கலந்து பூசவும். கடைசியில் மேட் வார்னிஷ்.

வாள் 13 செ.மீ., தகரத்தில் செய்தால் கை தொங்கிவிடும். மூன்று அடுக்கு சார்ட் தாளை ஒட்டி, வெட்டி, பென்சில் கரித்தூளைத் தேய்த்தால் பழைய இரும்பின் நிறம் வருகிறது, எடையும் இல்லை.

தரை

18 மி.மீ. ப்ளைவுட், 60 × 45 செ.மீ. அடியிலிருந்து கைவிட இடம் வேண்டும் என்பதால் இரண்டு ஸ்டூல்களின் மேல் வைத்தோம். பாதத்தின் முன்பாதியில் ஒரு எம்3 நட்டைப் புதைத்து, ப்ளைவுட்டில் 3.5 மி.மீ. துளை வழியாகக் கீழிருந்து 25 மி.மீ. போல்ட்டும் அகன்ற வாஷரும். நட்டு முன்பாதியில் இருந்தால்தான் குதிகால் தூக்க முடியும். நடுவில் வைத்தால் நடை இஸ்திரிப் பெட்டி நகர்வது போலாகும். ஒரு காலடிக்கு 10 செ.மீ. என்று துளைகளை முன்பே போட்டுவிடுங்கள். படம் எடுக்கும் நடுவே ட்ரில் போட்டால் எல்லாமே அசைந்துவிடும்.

மண்ணுக்கு உண்மையான மண் வேண்டாம், இந்த அளவில் ஒவ்வொரு மணலும் கூழாங்கல்லாகத் தெரியும். காய்ந்த டீத்தூள் சரியான பருமன், சரியான கறுப்பு. நடக்கும் பகுதியில் ஒரு பங்கு ஃபெவிகாலை மூன்று பங்கு நீரில் கலந்து தெளித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் பட்ட இடமெல்லாம் தூள் புரண்டு, ஓடவிட்டுப் பார்க்கும்போது தரை கொதிக்கும்.

கை வெளியே வரும் ஷாட்டில் அந்தக் கொதிப்புதான் தேவை. ப்ளைவுட்டில் 5 × 4 செ.மீ. ஓட்டை. அடியில் பழைய சைக்கிள் ட்யூபை விரித்து ஆணியடித்து, நடுவில் கூட்டல் குறி போலக் கீறி, மேலே ஒன்றரை செ.மீ. உயரத்துக்கு டீத்தூள். கீழிருந்து ஒரு குச்சியில் கட்டிய கையைப் படத்துக்கு 2 மி.மீ. உயர்த்தினால் முதலில் தூள் மேடிடும், பிறகு விரிசல் விடும், பிறகு நடுவிரல் நுனி ஒரு புள்ளியாகத் தெரியும். மேடிடுவதற்கே 20 ஃபிரேம் கொடுத்தோம். விரல் தெரிந்த பிறகு பார்ப்பவர் சிரிக்கலாம். பயம் அந்த மேட்டில்தான் இருக்கிறது. தூள் சரிந்தால் தூரிகையால் மேலே தள்ளக் கூடாது, சரிந்தது சரிந்தபடியே இருக்கட்டும். மண் மேலே ஏறினால் காலம் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றும்.

கேமரா

எல்லா ஆட்டோவையும் அணையுங்கள்: ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), எக்ஸ்போஷர் (ஒளி விழும் அளவு). ஐஎஸ்ஓ 100, எஃப்/11 (லென்ஸின் துவாரம் சிறிதாக), ஷட்டர் 1 விநாடி. மின்விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், ஒரு முழு விநாடி திறந்திருந்தால் அந்தத் துடிப்பு சராசரியாகி மறைந்துவிடும். எஃப்/11 எதற்கு? அருகிலிருந்து அகலத் திறந்து எடுத்தால் மூக்குக்கு ஃபோகஸ், காதுக்கு மங்கல் என்றாகி, இது 24 செ.மீ. பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் வெளிச்சம் மினுக்கினால் லென்ஸைப் பாருங்கள். மின்னணு லென்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும். ஒவ்வொரு முறையும் அதே அளவில் நிற்காது. கையால் வளையம் திருப்பும் பழைய லென்ஸை அடாப்டரோடு மாட்டினால் தொல்லை தீர்ந்தது. எல்இடி விளக்குகளை எரியவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், சூடாகும்போது ஒளி கொஞ்சம் குறைந்து பிறகுதான் நிலைக்கும். கறுப்புச் சட்டை அணியுங்கள். வெள்ளை பனியனின் பிரதிபலிப்பு மண்டையோட்டில் வந்துபோவதை மூன்றாவது முயற்சியில்தான் கண்டுபிடித்தோம். முக்காலியின் கால்களைத் தரையில் ஹாட் க்ளூவால் ஒட்டிவிடலாம், பிறகு சுரண்டினால் வந்துவிடும். மின்வெட்டு வந்தால் அந்த ஷாட்டை அங்கேயே நிறுத்தி, விளக்கு மறுபடி சூடான பின் கடைசி ஃபிரேமை இன்னொரு முறை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தொடர வேண்டும்.

மென்பொருளில் டிராகன்ஃபிரேம் தொழில்முறையானது. செல்பேசியில் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோவும் கற்றுக்கொள்ளப் போதும். முந்தைய ஃபிரேமை நிழலாகக் காட்டும் வசதி இரண்டிலும் உண்டு.

தாடை விழுவது

விநாடிக்கு 24 ஃபிரேம். கை வருவதையும் நடையையும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்து எடுத்தோம், விநாடிக்கு 12 படம். வேகமான எதையும் ஃபிரேமுக்கு ஒரு படமாக எடுப்பதே முறை. எலும்பு மெலிந்தது என்பதால் இங்கே ஒரு தனிச் சிக்கல். அடுத்தடுத்த படங்களில் ஓர் எலும்பு தன் தடிமனைவிட அதிகம் நகர்ந்தால், கண் அதை நகர்வாகப் பார்க்காமல் இரண்டு எலும்பாகப் பார்க்கும். வாள்வீச்சில் இதைத் தவிர்க்கவே முடியாது. அப்போது அந்த 1 விநாடி எக்ஸ்போஷரின்போதே வாளின் நுனியைக் கறுப்பு நூலால் மெல்ல இழுத்துவிட்டால் ஒரு மங்கல் கிடைக்கும், வீச்சு இணைந்துவிடும். இருண்ட பின்னணியும் உதவும்.

இப்போது கனம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ 0.55 விநாடி ஆகும், அதாவது 13 ஃபிரேம். பொம்மையின் தாடை 21 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. உண்மையில் 21 செ.மீ. விழ 5 ஃபிரேம் போதும். அப்படியே எடுத்தால் பொம்மைத் தாடை விழுந்ததாகத் தெரியும். 13 ஃபிரேமில் விழுந்தால்தான் ஆளுயர எலும்புக்கூட்டின் தாடை.

சம இடைவெளியில் இறக்கினால் அது லிஃப்டில் இறங்கும். தொடக்கத்திலிருந்து அளந்த இறக்கம், செ.மீ.யில்: 0.1, 0.5, 1.1, 2.0, 3.1, 4.5, 6.1, 8.0, 10.1, 12.4, 15.0, 17.9, 21. இதை ஒரு தாள் பட்டையில் குறித்து, கேமராவுக்குத் தெரியாதபடி பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு குறிக்கும் நேராகத் தாடையை வைக்க வேண்டும். தாடையைத் தாங்க, பின்புறம் தேன்மெழுகால் ஒட்டிய அரை மி.மீ. எஃகுக் கம்பி. பொம்மையும் கம்பியும் இல்லாத வெற்று செட்டை முதலிலேயே ஒரு படம் எடுத்து வைத்தால், கம்பியைப் பிறகு அழிக்க அது உதவும். தரையைத் தொட்டதும் ஒரு துள்ளல்: 0.45, 0.6, 0.45, 0. நான்கே ஃபிரேம். முதல் முறை 2 செ.மீ. துள்ளவிட்டோம், ரப்பர் பந்து போலிருந்தது. காய்ந்த எலும்பு அவ்வளவு துள்ளாது.

சிரிப்பு இதற்குப் பிறகுதான். தாடை விழுந்துவிட்டது, எலும்புக்கூட்டுக்கு அது இன்னும் தெரியாது. வாளை ஓங்கியபடி நிற்கிறது. எத்தனை ஃபிரேம்? 8 வைத்தால் அதற்கு ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது, பயந்த பிராணியாகிவிடுகிறது. 24 வைத்தால் பார்ப்பவர் முந்திக்கொண்டு, சிரிப்பு பழையதாகிவிடுகிறது. 14-இல் நின்றது. அந்த 14-உம் அசையாப் படமாக இருந்தால் பொம்மை செத்துவிடும். வாள் நுனி மட்டும் இரண்டு படத்துக்கு ஒருமுறை கால் மி.மீ. தாழ வேண்டும், பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கை அப்படித்தான் தாழும்.

பிறகு தலை கீழே பார்க்கிறது, 6 ஃபிரேம். முதல் ஃபிரேமில் தலை கீழே போகக் கூடாது, அரை மி.மீ. மேலே போக வேண்டும். தலை அசைந்த இரண்டு ஃபிரேம் கழித்தே விலாக்கூடு பின்தொடர வேண்டும். எல்லாம் ஒன்றாகத் திரும்பினால் அட்டைப் பொம்மை. இன்னொரு 10 ஃபிரேம் தாடையைப் பார்த்து நிற்கிறது. குனிந்து எடுக்க 18. மாட்ட 3. மிச்சம் 8 ஃபிரேம் ஒன்றுமே நடக்காதது போல ஓங்கிய வாளோடு நிற்கிறது.

நடையிலும் இதே விதிதான். ஓர் அடிக்கு 14 ஃபிரேம், அதாவது 7 படம். குதிகால் தரையைத் தொட்ட படத்தில் இடுப்பைத் தாழ்த்தாதீர்கள். அடுத்த படத்தில் 3 மி.மீ. தாழ்த்துங்கள், அதற்கடுத்ததில் தோள் தொங்கட்டும். பாரம் எலும்பு வழியாக மேலே ஏறிப் போகும் தாமதம் அது. அந்த 3 மி.மீ. இல்லாத முதல் நடைச் சோதனையில் பொம்மை மிதந்தது.

மனிதனோடு சேர்ப்பது

ரைமியின் படத்தில் இன்ட்ரோவிஷன் என்ற முன்திரை வீச்சு முறையைப் பயன்படுத்தினார்கள். திரையில் வீழும் பிம்பத்தின் முன்னும் பின்னும் நடிகர் நடமாட முடியும். வீட்டில் அது நடவாது. ஆனால் ஆளைத் தனியே, பொம்மையைத் தனியே எடுத்துக் கணினியில் சேர்க்கலாம். ஆளை முதலில் எடுங்கள். பொம்மையால் அவருக்கு ஏற்ப அசைய முடியும், அவரால் பொம்மைக்கு ஏற்ப முடியாது.

ஆளிடமிருந்து கேமரா 420 செ.மீ. தூரத்தில், 120 செ.மீ. உயரத்தில் இருந்ததா? 7-ஆல் வகுத்தால் பொம்மைக்கு 60 செ.மீ. தூரம், 17 செ.மீ. உயரம், அதே லென்ஸ், அதே சாய்வு. இது தவறினால் எவ்வளவு நேர்த்தியாக வெட்டி ஒட்டினாலும் இருவரும் ஒரே தரையில் நிற்க மாட்டார்கள். ஆள் வெறும் காற்றோடு வாள்வீசும்போது அடிகளை எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டும். வாள் மோதி நிற்கும் இடத்தில் அவரே நிறுத்திப் பழக வேண்டும். அந்த நிறுத்தத்தில் தோள் குலுங்காவிட்டால் எதிரில் உள்ள எலும்புக்கூட்டுக்குக் கனமே இல்லை.

பச்சைத் திரையை முயன்று கைவிட்டோம். விலா இடுக்குகளில் பச்சை எதிரொளித்து எலும்பைத் தின்றுவிட்டது. மாறாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு படம் எடுத்தோம். முதலில் பொம்மை விளக்குகள் மட்டும் எரிய, பின்னால் இருள். அடுத்து அவற்றை அணைத்து, ஒரு மீட்டர் பின்னால் உள்ள வெள்ளைத் தாளை மட்டும் ஒளியேற்ற வேண்டும். இரண்டாவதில் பொம்மை கருநிழலாக விழும், விலா இடுக்கு ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியதுபோல் வரும். அந்த நிழலே வெட்டும் அச்சு. இரண்டு ஸ்விட்ச் பலகை போதும். ஆனால் மேசைமேல் உள்ள ஸ்விட்சைத் தட்டாதீர்கள், அதிர்வு பொம்மைக்குப் போகும். நீட்டிப்பு வயரோடு மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசை

எலும்பு ஓசைக்குக் கொட்டாங்கச்சி. நார் சுரண்டிய பத்துப் பன்னிரண்டு சில்லுகளைத் துணிப்பையில் போட்டு, நடையின் இடுப்புத் தாழ்வுக்கு ஒரு குலுக்கல். தாடை விழும்போது தனிச்சில்லு ஒன்றை மரப்பலகை மேல் போட்டுப் பதிந்தோம். சிமென்ட் தரையில் போட்டால் ஓசை கூர்மையாகி அளவு சிறுத்துவிடுகிறது. தாடை திரும்ப மாட்டும் ‘டக்’ ஓசைக்கு இரண்டு சில்லுகளின் குழிந்த பக்கங்களை ஒன்றோடொன்று தட்டியது. அந்த ஓசையை மாட்டும் ஃபிரேமிலேயே வையுங்கள், அல்லது ஒரு ஃபிரேம் தள்ளி. ஒரு ஃபிரேம் முந்தினால்கூட ஓசைதான் தாடையைத் தள்ளியது போலாகிவிடும். எங்கள் ஷாட்டில் 88-ஆவது ஃபிரேமில் தாடை, 89-இல் ஓசை.